அப்பாவின் கூத்துப் பாட்டுக்கு வேறொருவர் உரிமை கேட்கிறார்

மட்டக்களப்பு படுவான்கரையிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருடைய அப்பா கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார். வடமோடி, தென்மோடி என்ற இரண்டு பாணியும் பழக்கியவர். 2005 இல் ஊரில் கூத்துப் போட்டபோது மகளிடம் ஆறு வெற்றுக் கசற்றுகளை வாங்கிக் கொடுத்து, "எனக்குப் பிறகு இந்த ராகமெல்லாம் ஆருக்குத் தெரியப்போகுது, பிடிச்சு வை மகள்" என்று சொன்னாராம். மகள் ரேடியோவைக் கூத்து ஆடும் களரியின் ஓரத்தில் வாங்கில் வைத்து, ஒத்திகை நாட்களிலும் அரங்கேற்ற இரவிலும் பதிவு செய்தார். அப்பா 2019 இல் காலமானார். பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் இரண்டு கசற் நனைந்துபோக, மிச்சம் நான்கையும் பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து டிஜிற்றல் ஆக்கினார். கூலியைக் கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது. எடுக்கப் போன அன்று ஸ்டூடியோக்காரர் பாட்டுகளைப் பாராட்ட, இவரும் நெகிழ்ந்து "நீங்களும் ஒரு கொப்பி வச்சிரிங்க அண்ணன்" என்று சொல்லியிருக்கிறார்.

அப்புறம் தன் யூடியூப் சனலில் பதினொரு துண்டுகளாக ஏற்றினார். சுவிஸில் இருக்கும் தம்பி முதல் பழைய மாணவர்கள் வரை கேட்டு அழுதிருக்கிறார்கள். போன மாதம் நான்கு வீடியோக்களுக்கு அறிவித்தல் வந்தது: இந்த ஒலிப்பதிவின் உரிமை வேறொருவருக்கு, விளம்பர வருமானம் அவருக்கே போகும். உரிமையாளர் என்று இருந்தது அந்த ஸ்டூடியோவின் பெயர். பாட்டுக் கேட்கும் செயலிகளிலும் அதே பாட்டுகள் அதே பெயரில் இருக்கின்றன. அண்ணாவியாரின் பெயர் எங்கேயும் இல்லை.

போன் எடுத்துக் கேட்டபோது ஸ்டூடியோக்காரர் நான்கு பதில் சொல்லியிருக்கிறார். நீங்கள் உரிமையை அரசாங்கத்தில் பதிவு செய்யவில்லை. இரைச்சலை எடுத்துச் சுத்தமாக்கியது நான். கூத்துப் பாட்டு ஊர்ப் பொதுச் சொத்து. நீங்களே ஒரு கொப்பி வைத்திருக்கச் சொன்னீர்கள். ஆசிரியை கேட்பது: கொழும்புக்குப் போய் உடனே உரிமையைப் பதிவு செய்யவேண்டுமா? யூடியூப்பில் மறுத்தால் சனலே போய்விடுமா? பொலிசுக்குப் போகலாமா? அவருடைய மருமகன், அந்த மனிதரின் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு "பாட்டுக் கள்ளன்" என்று எழுதப்போவதாக நிற்கிறார். அதை விடுவதா, தடுப்பதா?

டீச்சர், எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாட்டுகள் இருந்த பென்டிரைவ் பழுதாகிவிட்டது, ஆனால் சனலில் இருப்பதால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வாசித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. யூடியூப் சனல் வாடகை வீடு மாதிரி. சாமான் உங்களுடையதுதான், கதவுச் சாவி உங்களுடையது இல்லை. பதிப்புரிமைக் காரணத்துக்காக ஒரு வீடியோ நீக்கப்பட்டால், ஏற்றியவராலும் அதைத் திரும்ப இறக்கிக்கொள்ள முடியாது. காசு கொடுத்து வாங்கியதற்கே இந்த நிலைமை வந்திருக்கிறது. 2019 இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கியவர்களின் திரைகளிலிருந்து நூல்களும் சேர்ந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நூலைக் கொடுக்கவில்லை.

ஆகவே இன்றைக்கே பதினொன்றையும் இறக்குங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொன்றாகவும் எடுக்கலாம், கூகுள் டேக்அவுட் வழியாக எல்லாவற்றையும் ஒன்றாகவும் எடுக்கலாம். ஒரு கொப்பி வீட்டில், ஒன்று தம்பியிடம் சுவிஸில், ஒன்று வெள்ளம் வராத வேறொரு வீட்டில். நான்கு கசற்றின் மேல் விளிம்பிலும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். அவற்றை உடைத்துவிடுங்கள், தவறியும் அதற்கு மேல் வேறு பதிவு விழாது. நனைந்த இரண்டையும் எறிந்துவிடாதீர்கள், போட்டுப் பார்க்கவும் வேண்டாம். நாடா உயிரோடு இருந்தால் வேறு கூட்டுக்கு மாற்றி எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் விசாரியுங்கள், கூத்தின் அருமை தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பதிவு செய்யாததால் உரிமை போவதில்லை

காணிக்கு உறுதி, வாகனத்துக்குப் புத்தகம் என்று பழகிய நமக்கு, பாட்டுக்கும் ஒரு பத்திரம் இருக்கவேண்டும் என்றுதான் தோன்றும். ஸ்டூடியோக்காரர் அடித்ததும் அந்த இடத்தில்தான். ஆனால் இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவே தேவையில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பு உருவான கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. இலச்சினைக்கும் புத்தாக்கத்துக்கும் பதிவு வேண்டும், பாட்டுக்கு வேண்டாம். எனவே "உடனே கொழும்புக்குப் போய்ப் பதிவு செய்யட்டுமா" என்ற பதற்றத்தை விடுங்கள். உங்கள் சக ஆசிரியர் சொன்னபடி, பாட்டுகளை ஒரு கவரில் போட்டு உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பினால் திகதிக்கு ஒரு சாட்சி கிடைக்கும், அவ்வளவுதான். உங்களிடம் அதைவிடப் பெரிய சாட்சிகள் இருக்கின்றன: அப்பாவின் கையெழுத்திலுள்ள கூத்துக் கொப்பி, "வரவு", "சபை விருத்தம்" என்று பாட்டின் வகையை நீங்கள் பேனாவால் எழுதி ஒட்டிய கசற்றுகள், அரங்கேற்ற நோட்டீஸ், ஸ்டூடியோவின் பற்றுச்சீட்டு.

ஒரு கசற்றுக்குள் எத்தனை பேர்

இந்த இடத்தில் உங்களையும் கொஞ்சம் திருத்தவேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம். "அப்பாவின் பாட்டு, நான் பிடித்தது, ஆகவே முழுதும் என்னுடையது" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் அந்தக் கசற்றை அப்படி ஒரே துண்டாகப் பார்ப்பதில்லை. அதற்குள் நான்கு அடுக்குகள் இருக்கின்றன.

முதலாவது, பரம்பரையாக வந்த தரு, விருத்தம் என்ற பாட்டு வகைகளும் தாளக்கட்டும். அவை யாருடைய தனிச் சொத்தும் அல்ல. உங்களுடையவையும் அல்ல, ஸ்டூடியோக்காரருடையவையும் அல்ல. இரண்டாவது, அப்பா தானாகக் கட்டிய பாட்டுகள். அரங்கேற்றத்துக்காகப் புதிய வரவுப் பாட்டுகள் எழுதினார் என்கிறீர்கள். அவற்றின் ஆசிரியர் அவர். ஆசிரியர் வாழ்ந்த காலமும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் என்று சட்டம் கணக்கு வைத்திருப்பதால், அந்த வரிகளுக்கு 2089 முடிவு வரை பாதுகாப்பு உண்டு.

மூன்றாவது அடுக்கை நீங்கள் நினைத்தே பார்க்கவில்லை என்று தெரிகிறது. அன்றிரவு பாடியவர்களும் ஆடியவர்களும் அடித்தவர்களும். பழைய பாட்டாக இருந்தாலும், அதைப் பாடிய அந்த ஆற்றுகைக்கு, அது நடந்த ஆண்டிலிருந்து 50 ஆண்டுகள் தனி உரிமை இருக்கிறது. 2005 என்றால் 2055 முடிவு வரை. அந்த உரிமை அப்பாவுக்கு மட்டும் இல்லை. பிற்பாட்டுக் காரருக்கும் சல்லரி என்ற தாளம் போட்டவருக்கும் மத்தளம் அடித்தவருக்கும் அதில் பங்குண்டு.

நான்காவது, ஒலிப்பதிவு. இதன் உரிமை, பதிவு செய்வதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவருக்குப் போகிறது. பொத்தானை அழுத்தியது நீங்கள். ஆனால் செய்யவேண்டும் என்று நினைத்ததும் கசற் வாங்கியதும் அப்பா. என் கணிப்பில் இதில் அப்பாவுக்குத்தான் முதலிடம், நீங்கள் அவருடைய கையாக இருந்தீர்கள். எப்படிப் பார்த்தாலும், அன்றிரவு அந்தக் களரிப் பக்கம் வராத ஒருவர் அந்தப் பதிவைத் "தயாரித்தவர்" ஆகமுடியாது.

அப்பாவின் பங்கு அவருக்குப் பிறகு யாருக்கு? இதிலும் குழப்பம் வரும். தேசவழமைச் சட்டம் வடக்குத் தமிழருக்கானது, அது நமக்குப் பொருந்தாது. மட்டக்களப்பில் ஒரு காலத்தில் முக்குவர் சட்டம் இருந்தது. 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்த பிறகு அதுவும் இல்லை. அப்பா மரண சாசனம் எழுதவில்லை, அம்மா இருக்கிறார், பிள்ளைகள் மூன்று பேர். அப்படியானால் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதியில் உங்கள் மூவருக்கும் சம பங்கு. உங்கள் கையில் இருப்பது ஆறில் ஒன்று. இனி எழுதும் கடிதம் எதிலும் "நான்" என்று எழுதாமல் "நாங்கள்" என்று எழுதுங்கள். அம்மாவும் தம்பியும் தங்கையும் கையெழுத்து வைத்தால் கடிதத்தின் கனமே வேறு.

அவர் சொன்ன பதில்கள்

பதிவு பற்றிச் சொல்லிவிட்டேன். "சுத்தமாக்கினேன்" என்பதற்கு வருகிறேன். இரைச்சலைக் குறைப்பது, சத்தத்தை ஏற்றி இறக்குவது, கசற்றிலிருந்து கணினிக்கு மாற்றுவது எல்லாம் வேலைதான். திறமையான வேலையும்கூட. அதற்குரிய கூலியை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். கிழிந்த பட்டுச் சேலையைத் தைத்துக் கொடுத்தவர் சேலையைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. சேலை பூராவும் தையல் தெரியாமல் தைத்திருந்தாலும் அது உங்கள் சேலைதான்.

"பொதுச் சொத்து" என்ற பதில் கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் அது அவரையே அடிக்கும். பொது என்றால் அவர் மட்டும் எப்படித் தனியுரிமை கேட்கிறார்? அதோடு, நாட்டார் கலை வெளிப்பாடுகளை யாரும் எப்படியும் எடுத்து விற்கலாம் என்று நம் சட்டம் விட்டுவிடவில்லை. வணிக நோக்கத்தோடு பயன்படுத்துவதற்கும் அதன் மரபுச் சூழலுக்கு வெளியே பயன்படுத்துவதற்கும் கட்டுப்பாடு இருப்பதை 24 ஆம் பிரிவில் பார்க்கலாம்.

பொதுச் சொத்து எப்படி இருக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1947 இல் மறைந்தார். 70 ஆண்டுக் கணக்கு 2017 முடிவோடு தீர்ந்துவிட்டது. இன்று அவருடைய எழுத்தை யாரும் அச்சிடலாம். ஆனால் யாரும் அதைப் பூட்டிவைத்து "எனக்கு மட்டும்" என்று சொல்ல முடியாது.

நான்காவது பதில்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. "வாயைக் கொடுத்துவிட்டேனே" என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை டீச்சர், அப்படி நினைக்காதீர்கள். பொருளாதார உரிமையைக் கைமாற்றுவதும் அனுமதி கொடுப்பதும் எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டு நடக்கவேண்டும் என்பது 16 ஆம் பிரிவு. நல்லெண்ணத்தில் "ஒரு கொப்பி வச்சிரிங்க" என்று சொன்னது, கேட்பதற்காக வைத்திருக்கச் சொன்னது. உலகம் முழுக்க விற்கச் சொன்னது இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும்: அவரோடு வாட்ஸ்அப்பில் பேசியதில் "போடுங்கோ", "பரவாயில்லை" என்ற மாதிரி எதுவும் எழுதியிருக்கிறீர்களா என்று தேடிப் பாருங்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு மின்னணுச் செய்திகளுக்கும் பெறுமதி உண்டு, இரண்டு பக்கமும். எதையும் அழிக்காதீர்கள். உங்களுக்குப் பாதகமாகத் தெரிவதையும் அழிக்காதீர்கள், என்னிடம் காட்டுங்கள்.

இனி, நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி. "காசு எனக்கு வேண்டாம், அப்பாவின் பெயரை எங்கேயும் காணவில்லை." இதைச் சின்ன மனக்குறை என்று சட்டம் தள்ளிவிடவில்லை. புலமைச் சொத்துச் சட்டத்தின் 10 ஆம் பிரிவில் ஒழுக்க உரிமை என்று ஒன்று இருக்கிறது. படைப்பில் தன் பெயர் குறிக்கப்படவேண்டும் என்று கேட்கும் உரிமை அது. காசுக்கான உரிமையை விற்றுவிட்டாலும் இது ஆசிரியரோடே நிற்கும், அவர் இறந்த பின் அதைக் கேட்டு நிற்பதற்கு வாரிசுகளால் முடியும். அப்பா கட்டிய பாட்டுகளில் அவர் பெயரை மறைத்தது தனிக் குற்றச்சாட்டு. கடிதத்தில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

யூடியூப்பில் என்ன செய்வது

உங்களுக்கு வந்திருப்பது உரிமைக் கோரல். தண்டனைப் புள்ளி இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பயந்திருக்கிறீர்கள். சனலை மூடுவது தண்டனைப் புள்ளி, அதுவும் 90 நாளுக்குள் மூன்று விழுந்தால். உரிமைக் கோரலால் வருமானம் திரும்பும், அல்லது வீடியோ முடங்கும். சனலுக்கு அதனால் புள்ளி விழாது.

அது எப்படி வருகிறது என்று சொன்னால் உங்கள் கோபம் சரியான இடத்துக்குப் போகும். யூடியூப் 2007 இல் கன்டென்ட் ஐடி என்று ஒரு முறையைக் கொண்டு வந்தது. உரிமையாளர் தன் பாட்டை மாதிரியாகக் கொடுத்தால், இயந்திரம் அதன் ஒலி ரேகையை எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவோடும் ஒப்பிடும். பொருந்தினால் கோரல். யார் பாடினார், யார் கசற் வாங்கினார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மாதிரியை யார் கொடுத்தாரோ அவரை நம்பும். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வாசல் நேரடியாகத் திறப்பதில்லை. பாட்டு விநியோகம் செய்யும் இணைய நிறுவனங்கள் வழியாகப் போகலாம், ஒரு பெட்டியில் சரி போட்டால் போதும். ஸ்டூடியோக்காரர் செய்தது அநேகமாக அதுதான். இதற்கெல்லாம் அடியில் கிடப்பது 1998 இல் அமெரிக்கா போட்ட ஒரு சட்டம். முறைப்பாடு வந்தவுடன் எடுத்துவிட்டால் தளத்துக்குப் பொறுப்பில்லை என்று அது சொன்னது. அப்படியானால் தளம் யார் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. படுவான்கரைக் களரியில் விடிய விடியப் பாடிய பாட்டு யாருடையது என்பதை நம் ஊர் தெரியாத ஒரு முறை தீர்மானிக்கிறது. இது நியாயமில்லை, நான் இதைச் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். ஆனாலும் அந்த முறைக்குள் உங்களுக்குச் சில படிகள் இருக்கின்றன. ஏறிப் பார்ப்போம்.

முதலில் மறுப்பைப் போடுங்கள். படிவம் காரணம் கேட்கும். "பொதுக் களத்துப் படைப்பு" என்ற காரணத்தைத் தெரிவு செய்யாதீர்கள். பழைய கூத்துத்தானே என்று கை அங்கேதான் போகும். அதை அழுத்தினால் அப்பாவின் பாட்டையும் அந்த இரவின் ஆற்றுகையையும் நீங்களே விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். அசல் பதிவு எங்களுடையது என்ற காரணத்தைத் தெரிவு செய்து, 2005 பதிவு, கசற் கையில் இருக்கிறது, டிஜிற்றல் ஆக்கியதற்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது என்று நான்கு வரியில் எழுதுங்கள். அழுகையோ ஏச்சோ வேண்டாம்.

பதில் சொல்ல அவருக்கு 30 நாள். சும்மா இருந்தால் கோரல் தானாக விழுந்துவிடும். நிராகரித்தால் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு அவருக்கு 7 நாள். அந்தக் கட்டத்தில் அவர் ஒன்றில் கோரலை விடவேண்டும், இல்லையேல் வீடியோவை நீக்கச் சொல்லி முறையான அறிவித்தல் கொடுக்கவேண்டும். அறிவித்தல் கொடுத்தால்தான் உங்களுக்குத் தண்டனைப் புள்ளி வரும். ஆகவே நான்கு வீடியோவுக்கும் ஒரே நாளில் மேன்முறையீடு செய்யாதீர்கள். நான்கில் மூன்று புள்ளி விழுந்தால் சனல் போய்விடும். அப்பாவின் சொந்தப் பாட்டு அதிகமுள்ள ஒன்றை முதலில் எடுங்கள், முடிவைப் பார்த்து மற்றதுக்குப் போகலாம்.

அவர் நீக்கவும் செய்தால் எதிர் அறிவித்தல் கொடுக்கலாம். அப்போது 10 வேலை நாளுக்குள் நீதிமன்றம் போனதற்கு அவர் சான்று காட்டவேண்டும், காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். ஆனால் அந்தப் படிவத்தில் உங்கள் முழுப் பெயரும் விலாசமும் அவருக்குப் போகும், அமெரிக்க நீதிமன்ற அதிகாரத்துக்கு ஒப்புக்கொள்கிறேன் என்ற வரியும் இருக்கும், பொய் சொன்னால் அது சத்தியத்தை மீறிய குற்றம். அந்தக் கட்டம் வந்தால் தனியாகச் செய்யவேண்டாம், ஒரு சட்டத்தரணியை வைத்துச் செய்யுங்கள். இதற்கிடையில் விநியோக நிறுவனத்துக்கும் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். தனியுரிமை இல்லாத ஒலிப்பதிவை இந்த முறைக்குள் கொடுக்க முடியாது என்பது யூடியூப்பின் விதி. அந்த நிறுவனங்கள் அதற்குப் பயப்படும்.

ஒரு சின்ன விஷயம். பாடசாலை விளையாட்டுப் போட்டி வீடியோ இரண்டுக்குச் சினிமாப் பாட்டுச் சேர்த்ததற்கும் கோரல் வந்திருக்கிறது என்கிறீர்கள். அதை மறுக்காதீர்கள், அது சரியான கோரல். 30 செக்கன் வரை பாவிக்கலாம் என்று மருமகன் சொன்னது ஊரெல்லாம் ஓடும் கதை, நம் சட்டத்தில் அப்படி ஒரு கணக்கு இல்லை. வகுப்பில் கற்பிக்கப் போட்டுக் காட்டுவது வேறு, உலகத்துக்கு ஏற்றுவது வேறு. அந்த இரண்டிலும் பாட்டை எடுத்துவிட்டு மத்தள அடியைப் போடுங்கள்.

பொலிஸ், நீதிமன்றம், பேஸ்புக்

தெரிந்துகொண்டே பதிப்புரிமையை மீறுவது குற்றம்தான். புலமைச் சொத்துச் சட்டத்தின் 178 ஆம் பிரிவின்படி நீதவான் நீதிமன்றத்தில் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் அங்கேயிருந்து தொடங்கவேண்டாம் என்பேன். முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதியவுடன் அவர் கதவை மூடிவிடுவார். பாட்டின் நல்ல கொப்பி இன்னும் அவர் கணினியில்தான் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

குடியியல் வழக்கு என்றால் கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். நம் பக்கத்துக் கலைஞர் ஒருவர் இரவு பஸ் ஏறி, விடியக் காலை முகம் கழுவி, தவணைக்கு நின்று, திகதி வாங்கிக்கொண்டு திரும்ப வருவதை நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கிழக்கில் எத்தனையோ உரிமைகள் கேட்கப்படாமலே போகின்றன. கிழக்கு மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் வரவேண்டும். இதற்கிடையில் ஒரு நடு வழி இருக்கிறது. கொழும்பு 10 இலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் உரிய படிவத்தில் விண்ணப்பித்தால், அவர் விசாரித்துத் தீர்மானம் சொல்ல முடியும். அது இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், அதன் மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடும் உண்டு. வழக்கைவிடச் செலவு குறைவு.

அதற்கும் முன்னால், ஒரு சட்டத்தரணியின் கடிதம். ஐந்து விஷயம் கேளுங்கள்: கோரலை விடுவிக்கவேண்டும், செயலிகளிலிருந்து பாட்டுகளை எடுக்கவேண்டும், இதுவரை வந்த பணத்துக்குக் கணக்குக் காட்டவேண்டும், கையிலுள்ள கோப்புகளின் முழுக் கொப்பியைத் தரவேண்டும், இனிமேல் எங்கே போட்டாலும் அண்ணாவியார் பெயரும் குழுவின் பெயரும் இருக்கவேண்டும். பதினான்கு நாள் தவணை. பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி போடுங்கள். அவர் முன்னிலையில் இருந்து பேச ஸ்டூடியோக்காரர் ஒப்பினால் போய் இருங்கள். அந்த மனிதருக்கு வேலை தெரிந்திருக்கிறது. பாட்டின் அருமையும் தெரிந்திருக்கிறது. பிழையை ஒத்துக்கொண்டு வந்தால், நனைந்த இரண்டு கசற்றையும் ஒப்பந்தத்தோடு அவரிடமே செய்விக்கலாம். அது உங்கள் விருப்பம்.

பேஸ்புக் பதிவை மட்டும் தடுத்துவிடுங்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் குடியியல் அவதூறு வழக்கு இன்னும் இருக்கிறது, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய விமர்சனம் உண்டு, கருத்துச் சொல்கிறவர்களின் தலைக்கு மேல் தொங்கவிட்ட கத்தி அது. அதனாலேயே மருமகனை அதன் கீழே நிற்க விடமாட்டேன். படம் போட்டுக் "கள்ளன்" என்று எழுதினால், பாதிக்கப்பட்டவர் என்ற இடத்திலிருந்து நீங்கள் இறங்கி, அந்த இடத்தில் அவர் ஏறிவிடுவார். மருமகனுக்குக் கை துறுதுறுவென்று இருந்தால், அப்பாவின் படத்தைப் போட்டு, இந்தப் பாட்டை இன்ன ஆண்டு இன்ன களரியில் இவர்கள் பாடினார்கள் என்று எல்லோர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பெயர்களில்தான் ஒரு குறை எனக்குத் தெரிகிறது. உங்கள் பதினொரு வீடியோவையும் கேட்டேன். கீழே அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறீர்கள், பிற்பாட்டுக்காரர் இருவரின் பெயரும் இருக்கிறது. மத்தளம் அடித்தவரின் பெயர் இல்லை. ஏழாவது வீடியோவில் அப்பாவுக்கு மூச்சு வாங்கி விருத்தம் நடுவில் நிற்கிறது. அப்போது மத்தளக்காரர் பாட்டை விழவிடாமல் ஒரு சுற்று அடித்துப் பிடித்துக் கொடுக்கிறார், அப்பா திரும்ப எடுக்கிறார். அந்தப் பத்துச் செக்கன் அவருடையது.

ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: 2005 இல் பதிவான இந்தக் கூத்தில் பங்குகொண்ட நாங்களும் காலமானவர்களின் வாரிசுகளும், இதை எல்லோர் பெயரையும் குறித்து இலவசமாகக் கேட்கவும் பாதுகாக்கவும் அனுமதிக்கிறோம், பணத்துக்குக் கொடுப்பதானால் எல்லோரும் சேர்ந்தே முடிவெடுப்போம். உயிரோடு இருப்பவர்கள் ஒவ்வொருவரும் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசியும் முடித்துக் கொடுத்தால் சாட்சிக்கு உதவும். அந்தத் தாள் இருந்தால் நூலகம் நிறுவனம் போன்ற இணைய ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு கொப்பி கொடுக்கலாம், நாளைக்கு யார் வந்து கோரினாலும் எடுத்துக் காட்டலாம். மத்தளக்காரர் காலமாகி, மகள் கல்முனைப் பக்கம் கலியாணம் முடித்துப் போயிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மறுப்புப் படிவத்தை இன்றிரவே போட்டுவிட்டு, சனிக்கிழமை அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். போகும்போது ஏழாவது வீடியோவைப் போனில் கொண்டு போங்கள்.